இரவல் ஆபரணங்கள்: தாய்லாந்தின் பதக்க மரபு குறித்துச் சில மறுப்புகள்

தாய்லாந்து சென்று திரும்புவோர் எழுதும் பயணக் குறிப்புகளில் அடிக்கடி தென்படும் காட்சி ஒன்று உண்டு. ஏதோ ஓர் அரசு விழா. வெண்ணிறச் சீருடையில் ஆசிரியர்களும் அலுவலர்களும் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் மார்பின் இடப்புறத்திலும் வண்ண நாடாக்களில் பதக்கங்கள் தொங்குகின்றன. இவர்கள் போர்வீரர்கள் அல்லர். கணக்கர்கள், மாவட்ட அலுவலர்கள், ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள். இதைக் காணும் நம்மவர் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வந்து சேர்கிறார். உழைப்பை மதிக்கத் தெரிந்த பண்பட்ட சமூகம் என்று வியப்பது ஒன்று. மன்னராட்சிக் காலத்து மிச்சம், வளர்ந்தவர்களின் பொம்மை விளையாட்டு என்று நகைப்பது மற்றொன்று.

இவ்விரு முடிவுகளையும் நாம் மறுக்கிறோம். வியப்பவர் பதக்கம் கொடுக்கப்படும் கணத்தை மட்டும் பார்க்கிறார். நகைப்பவர் அதன் பளபளப்பை மட்டும் பார்க்கிறார். தாய்லாந்தில் பதக்கத்தின் பொருளை அறிய விரும்புபவர், அது திரும்பப் பெறப்படும் கணத்தைப் பார்க்க வேண்டும் என்பதே நம் வாதம். அதற்கு முன், அது என்ன, எப்படி வந்தது, எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று நிதானமாகக் காண்போம்.

சொல்லிலிருந்து தொடங்குவது மொழி பயின்றவர்களின் பழக்கம். அரச விருதுப் பதக்கங்களைத் தாய்மொழியினர் 'க்ருயாங் ராச்ச இத்சரியாபோன்' என்கின்றனர். முதற்சொல் தவிர ஏனையவை நமக்குப் பழகியவையே: ராஜ, ஐசுவரியம், ஆபரணம். பாலி வழக்கில் 'இஸ்ஸரிய' என்பதற்குச் செல்வம் என்பதைவிட இறைமை, ஆளுகை என்பதே முதற்பொருள். ஆகவே 'அரச இறைமையின் ஆபரணம்' என்பது அத்தொடரின் பொருள். அணிபவரின் தகுதி பற்றி இச்சொல் எதுவும் கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாருடைய இறைமை அவர் மார்பைத் தொட்டிருக்கிறது என்பதை மட்டுமே கூறுகிறது. பேச்சு வழக்கில் பதக்கத்துக்கு 'ரியன்' என்ற சொல்லும் உண்டு. நாணயத்துக்கும் அதே சொல். புகழ்பெற்ற பிக்குகளின் உருவம் பொறித்துக் காப்பாக அணியப்படும் வில்லைக்கும் அதே சொல். பணம், காப்பு, மதிப்பு ஆகிய மூன்றும் அங்கே ஒரே உலோக வட்டத்தின் பெயரில் சந்திக்கின்றன.

பதக்கத்துக்கு முன்பே மனிதரை அளக்கும் கோல் ஒன்று அங்கே இருந்தது. அயுத்தயாவை 1448 முதல் 1488 வரை ஆண்ட திரைலோகநாத் மன்னர் காலத்தில் வகுக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் 'சக்தினா' முறை அது. 'சக்தி' நம் சொல். 'நா' என்றால் தாய்மொழியில் நெல்வயல். உயர் அமைச்சருக்குப் பத்தாயிரம், குடியானவருக்கு இருபத்தைந்து, அடிமைக்கு ஐந்து என ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அத்தனை வயல் அவருக்குச் சொந்தம் என்று இதற்குப் பொருள் இல்லை. அவருடைய மதிப்பு அத்தனை வயல் என்றே பொருள். வழக்கு மன்றத்தில் விதிக்கப்படும் தண்டத்தொகைகூட இந்த எண்ணைப் பொறுத்து மாறியது. மனிதனின் மதிப்பு அவனுக்குள் இல்லை, மேலிருந்து எழுதப்படுகிறது, எண்ணாக வாசிக்கத்தக்கது என்னும் எண்ணம் இவ்வாறு சட்டமாயிற்று.

இதைக் கொண்டு இன்றைய பதக்கங்களையும் பழமையின் எச்சம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வெள்ளை யானை விருது 1861இல் நான்காம் ராமரான மொங்குட் மன்னரால் நிறுவப்பட்டது. (மொங்குட் என்பதும் நம் 'மகுடம்' என்ற சொல்லே.) அவர் மகன் சுலாலங்கோர்ன் 1869இல் சயாம் மகுட விருதையும் 1873இல் சுல சோம் கிளாவ் விருதையும் ஏற்படுத்தினார். பிரித்தானியரோடு 1855இல் பௌரிங் உடன்படிக்கை கையெழுத்தாகி, ஐரோப்பியத் தூதுக்குழுக்கள் பாங்காக்கிற்கு வரத் தொடங்கிய காலம் அது. நட்சத்திரம், தோள்பட்டை நாடா, வகுப்பு வரிசை என விருதின் உடல் ஐரோப்பாவிலிருந்து வந்தது. யானையும் மகுடமும் நவரத்தினமும் மட்டும் உள்ளூர். சுற்றிலும் நாடுகள் குடியேற்றங்களாக விழுந்துகொண்டிருந்த வேளையில், பிற மன்னர்களோடு சமமாக நின்று பதக்கம் கொடுக்கவும் வாங்கவும் வல்லவர் என்று காட்டுவது சயாம் அரசனுக்கு அரசியல் தேவையாக இருந்தது. ஆகவே அந்நாட்டின் பதக்கம் தந்தியையும் இரயிலையும் போல நவீன காலத்தின் கருவி. அதைப் பழங்காலப் பொம்மை என்று நகைப்பவர் கால ஆராய்ச்சியில் தவறுகிறார்.

*

இனி அதன் இயக்கம். வெள்ளை யானை, மகுடம் ஆகிய இரு விருதுகளும் எட்டெட்டு வகுப்புகளைக் கொண்டவை. அரசு ஊழியர் ஒருவர் தம் பதவிக்கும் பணியாண்டுகளுக்கும் ஏற்ப இவற்றில் மாறி மாறி ஏறுகிறார்: முதலில் மகுட விருதின் ஒரு படி, அடுத்து வெள்ளை யானையின் இணைப் படி, பிறகு மீண்டும் மகுடத்தின் மேற்படி. பிழையின்றி இருபத்தைந்து ஆண்டுகள் பணி செய்தவர்க்குச் 'சக்ரபாதி மாலா' பதக்கம். பெயர்கள் அரசிதழில் நீண்ட பட்டியலாக வெளியாகின்றன. நாட்டின் மூலைமுடுக்கில் உள்ள பள்ளி ஆசிரியரின் பெயரும் மன்னரின் கொடையாக அச்சேறுகிறது. பதக்கத்தை அணிய வேண்டிய விழாவுக்கு முன், பாதுகாப்பு அமைச்சகத்தின் பின்புறத் தெருக்களில் உள்ள சீருடைக் கடைகளில் நாடாவும் பதக்கமும் விலைக்கே கிடைக்கும். ஆனால் உரிமையின்றி அணிந்தால் குற்றவியல் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. உலோகம் கடையில் கிடைக்கும், அதை அணியும் உரிமை அரசிதழிலிருந்து மட்டுமே வரும் என்பது இதன் பொருள்.

இங்கே நாம் நகைப்பவர்களோடு சேர மறுக்கும் இடம் ஒன்று வருகிறது. தொலைதூரக் கிராமமொன்றில் கால் நூற்றாண்டு எழுத்தறிவித்த ஆசிரியை, அந்த வெண்சீருடையில் எடுத்த புகைப்படத்தைச் சட்டமிட்டு வீட்டில் மாட்டுகிறார் என்றால், அதில் இகழத்தக்கது எதுவுமில்லை. ஊதியம் குறைந்த, கைதட்டல் இல்லாத பணி அது. 'நீ உழைத்ததை யாரோ பார்த்தார்கள்' என்ற சொல்லுக்காக ஏங்காத மனிதர் எவர்? அந்த ஏக்கம் மெய்யானது. அதை நாம் குறை கூறவில்லை. அவ்வளவு மெய்யான ஏக்கத்துக்கு ஒரே ஒரு வாசலை மட்டும் திறந்துவைத்து, அவ்வாசலின் சாவியையும் ஒரே கையில் வைத்திருக்கும் ஏற்பாட்டையே குறை கூறுகிறோம்.

அந்த ஏற்பாட்டுக்கு ஒரு தத்துவப் பின்புலமும் உண்டு. தாய்மொழியில் 'புன் வாத்சனா' என்றொரு தொடர் வழங்குகிறது. புண்ணியம், வாசனை என்பவையே அவ்விரு சொற்கள். நம் மரபில் 'பூர்வ வாசனை' என்பது முற்பிறவிச் செயல்களின் பதிவு, மனத்தில் எஞ்சும் சாயல். அங்கே அதே சொல் முற்பிறவி நல்வினையால் வாய்த்த பதவி, பேறு என்று பொருள் மாறிவிட்டது. உயர்ந்த நிலையில் இருப்பவர் அதற்குரிய புண்ணியம் உடையவர்; புண்ணியம் உடையவர் என்பதற்குச் சான்று அவர் உயர்ந்த நிலையில் இருப்பதே. இந்த வட்டத்துக்குள் நின்றுகொண்டு 'இவருக்கு ஏன் இந்தப் பதக்கம்?' என்று கேட்பது நிர்வாகக் கேள்வியாக நிற்பதில்லை, வினைப்பயனையே ஐயுறுவதாகிவிடுகிறது. நாடாவின் வலிமை இங்கிருந்தும் வருகிறது.

சாவும் இந்த வரிசையிலிருந்து விலக்குப் பெறவில்லை. உரிய வகுப்பு விருதுகளைப் பெற்றவர் இறந்தால் உடலை நீராட்ட அரச நீரும் சிதைக்கு அரசத் தீயும் வழங்கப்படுகின்றன. மேலும் உயர்ந்தோர்க்கு 'கோத்' எனப்படும் ஈமத்தாழி. (எழுத்தில் அது 'கோசம்' என்ற வடசொல்லே.) தகனத்தின்போது வந்தவர்க்குக் கொடுக்க ஒரு நூல் அச்சிடுவது தாய்லாந்தில் வழக்கம். இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்போடு பழைய இலக்கியமோ வரலாறோ சமையற்குறிப்போ சேர்த்து வெளியாகும் இந்த ஈமநூல்கள், தாய்லாந்து ஆய்வாளர்க்குப் பெருங்கருவூலம். அவற்றின் முற்பக்கங்களில், எந்த ஆண்டில் எந்த விருது என்ற பட்டியல் தவறாது இருக்கும். ஒரு வாழ்க்கை, பதக்கங்களின் காலவரிசையாகச் சுருங்கி நெருப்புக்குப் போகிறது.

பெயரையும் சொல்ல வேண்டும். முடியாட்சிக் காலத்தில் லுவாங், பிரா, பிராயா, சாவ் பிராயா என்னும் பட்டங்கள் வழங்கப்பட்டபோது, பட்டத்தோடு புதுப் பெயரும் வழங்கப்பட்டது. அப்பெயர் மனிதனின் சொந்தப் பெயரை விழுங்கியது. தாய் நாட்டார் வழக்காற்றியலின் முன்னோடியான அறிஞரை இன்றும் நூலகங்கள் பிராயா அனுமான் ராச்சதோன் என்றே அறிகின்றன. அவர் இயற்பெயர் யோங் என்பதைத் தேடித்தான் அறிய வேண்டும். பெண்களுக்கோ இந்த மரபு இன்னும் உயிரோடு இருக்கிறது. சுல சோம் கிளாவ் விருது பெறும் மணமான பெண் வகுப்புக்கேற்பக் 'குன்யிங்' என்றோ 'தான் பூயிங்' என்றோ பெயருக்கு முன்னால் அழைக்கப்படுகிறார். அதே விருது பெறும் ஆணுக்கு அத்தகைய முன்னொட்டு இல்லை. விருது அங்கே சட்டைப்பையின் மேல் மட்டும் குத்தப்படுவதில்லை. மற்றவர் நாவிலும் குத்தப்படுகிறது.

*

'மன்னராட்சி 1932இலேயே முடிந்துவிட்டதே' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அவ்வாண்டு ஜூன் 24ஆம் நாள் மக்கள் கட்சியினர் வரம்பற்ற முடியாட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தனர். அதன் தலைவர்களில் இருவரை அன்றைய உலகம் லுவாங் பிரதித்மனுதாம் என்றும் லுவாங் பிபுன்சோங்கிராம் என்றும் அறிந்திருந்தது. அதாவது பிரிதி பனோம்யோங்கும் பிபுனும். பட்டங்களை வழங்கிய அமைப்பைக் கவிழ்த்தவர்களே பட்டப் பெயர்களில் வரலாற்றுக்குள் நுழைந்தார்கள். பிபுன் அரசு 1942இல் பட்டங்களை ஒழித்தது. இரண்டே ஆண்டுகளில் அவ்வாணை விலக்கப்பட்டது. பழைய முறையில் பட்டங்கள் வழங்குவது நின்றாலும், பதக்கங்களின் ஏணியை எவரும் அகற்றவில்லை. புதிய அரசுகள் அதில் ஏறிக்கொண்டன.

அந்த ஏணிக்கு வெளியே ஒரு முயற்சி நடந்தது என்பதை மறைக்கக் கூடாது. 1933 அக்டோபரில் இளவரசர் போவரதேத் தலைமையில் எழுந்த அரச ஆதரவுக் கிளர்ச்சியை அடக்கியவர்களுக்காக 'அரசியலமைப்புக் காப்புப் பதக்கம்' உருவாக்கப்பட்டது. இறைமையின் ஆபரணமாக இல்லாமல் ஒரு சட்டநூலின் பெயரால் கொடுக்கப்பட்ட மதிப்பு அது. பதக்கம் என்னும் வடிவத்துக்கு வேறு பொருள் ஏற்ற முடியும் என்பதற்கு அதுவே சான்று. அப்பொருளுக்கு என்ன நேர்ந்தது? அதே கிளர்ச்சியில் அரசியலமைப்பைக் காத்தவர்களின் நினைவாகப் பாங்காக்கின் லக்சி வட்டச்சாலையில் நின்ற தூண், 2018 டிசம்பரில் ஓர் இரவில் இல்லாமல் போயிற்று. 1932 புரட்சியைக் குறித்த பித்தளைத் தகடு அதற்கு முந்தைய ஆண்டே, 2017 ஏப்ரலில், காணாமற்போயிருந்தது. இறைமையின் ஆபரணங்கள் வரிசை குலையாமல் நீடிக்க, அரசியலமைப்பின் சின்னங்கள் இரவோடிரவாக மறைகின்றன. இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

பணத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்வோம். அது எந்நாட்டிலும் ஒன்றுதான். பொதுப்பணிக்கும் சமயத்துக்கும் கொடை அளித்தவர்களைச் சிறப்பிப்பது பழைய வழக்கம். 1980களின் பிற்பகுதியில் போலி நன்கொடைச் சான்றுகளைக் காட்டி விருது பெற்ற முறைகேடு அம்பலமாகி நாடே பேசியது. பின்னர் 1991இல் கொடையாளர்க்கெனத் 'திரேக் குணாபோன்' என்ற தனி விருதே வகுக்கப்பட்டது. குணத்தை ஆபரணமாக்கும் பெயர். ஆனால் கொடையாளர் எந்த வகுப்பில் அமர்வார் என்பதைக் கொடையின் பண மதிப்பு நிர்ணயிக்கிறது. குணத்துக்கு விலைப்பட்டியல் எழுதிய பிறகு, அதைக் குணம் என்றே தொடர்ந்து அழைப்பதற்கு ஒரு துணிவு வேண்டும்.

*

இப்போது நம் வாதத்தின் மையத்துக்கு வருகிறோம்.

தாய்லாந்தின் 2007ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மன்னர் பட்டநிலைகளை ஏற்படுத்தவும் விருதுகளை வழங்கவும் உரிமை உடையவர் என்றது. 2017ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஒன்பதாம் பிரிவு, ஏற்படுத்தவும் நீக்கவும், வழங்கவும் திரும்பப் பெறவும் உரிமை உடையவர் என்கிறது. இரண்டு வினைச்சொற்கள் கூடியிருக்கின்றன. இலக்கணம் கற்பிப்பவர்களாகிய நமக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. திரும்பப் பெறும் வழக்கம் முன்பும் இருந்தது. இப்போது அது நாட்டின் தலையாய சட்டத்திலேயே கொடுத்தலுக்குச் சமமான வினையாக அமர்ந்திருக்கிறது.

அந்த வினைகள் ஏட்டில் உறங்கவில்லை. 2015இல் முன்னாள் பிரதமர் தக்சினின் காவல்துறைப் பதவிநிலை பறிக்கப்பட்டது. 2019 மார்ச் 24 அன்று பொதுத்தேர்தல் நடந்தது. ஆறே நாள் கழித்து, மார்ச் 30 அன்று, அவருடைய அரச விருதுகள் அனைத்தும் திரும்பப் பெறப்பட்டதாக அரசிதழ் அறிவித்தது. அவர் தண்டிக்கப்பட்டு நாட்டைவிட்டு வெளியேறியவர் என்பது கூறப்பட்ட காரணம். அவர் வெளியேறியதோ 2008இல். பதினோர் ஆண்டுகள் பொறுத்திருந்த அறம், வாக்குகள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்த வாரத்தில் விழித்தெழுந்தது. தக்சினுக்காகக் கண்ணீர் வடிப்பது நம் நோக்கமன்று. அவர் ஆட்சியின் குறைகள் தனிக்கட்டுரைக்குரியவை. விருதின் நாட்காட்டி எதைப் பின்பற்றுகிறது என்பதே இங்கே பொருள்.

அதே ஆண்டு ஜூலையில் அரச துணைவி என்ற நிலைக்கு உயர்த்தப்பட்ட சினீனாத், அக்டோபரில் எல்லாப் பட்டங்களும் விருதுகளும் பறிக்கப்பட்டார். 2020இல் அவை அனைத்தும் மீட்டளிக்கப்பட்டன. அப்போதைய அறிவிப்பின் சாரம், அவை ஒருபோதும் பறிக்கப்படாதவையாகவே கொள்ளப்படும் என்பது. இதை நாம் மீண்டும் மீண்டும் வாசித்தோம். கொடுத்ததைப் பறிக்கலாம், பறித்ததைக் கொடுக்கலாம், இடையில் நடந்ததை நடக்கவில்லை என்றும் ஆக்கலாம். பதக்கம் கடந்தகால உழைப்பின் நினைவுச்சின்னம் என்று நம்புபவர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். கடந்தகாலமே ஓர் ஆணையால் திருத்தப்படும் இடத்தில் எதற்கு நினைவுச்சின்னம்?

அரசியலும் அரண்மனையும் நமக்குத் தொலைவு என்று கருதும் இலக்கிய வாசகர்களுக்காக மூன்றாவது நிகழ்வு. சுச்சாத் சவாத்சி என்ற பெயரை நம் சிற்றிதழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். 'சங்கொம்சாத் பரிதாத்' என்ற சமூகவியல் விமர்சன இதழின் ஆசிரியராக, 1970களின் மாணவர் தலைமுறை சிந்திக்கக் கற்றுக்கொண்ட பக்கங்களைத் தொகுத்தவர் அவர். 1976 அக்டோபர் 6ஆம் நாள் தம்மசாத் பல்கலைக்கழகப் படுகொலைக்குப் பின் அவ்விதழ் நின்றுபோயிற்று. அவர் நிற்கவில்லை. 'லோக் நங்சு' (நூல் உலகம்) என்ற இதழையும், 'சோ காரகேத்' என்ற சிறுகதைத் தொகுப்பிதழையும் நடத்தினார். காரகேத் என்றால் தாழம்பூ. தாழம்பூங்கொத்து என்று நாம் பெயர்க்கலாம். 2011இல் அவருக்கு இலக்கியத்துக்கான தேசியக் கலைஞர் என்ற சிறப்பு அளிக்கப்பட்டது. 1985 முதல் வழங்கப்பட்டுவரும், உதவித்தொகையோடு கூடிய மதிப்பு அது. 2021 ஆகஸ்டில் அச்சிறப்பை அவரிடமிருந்து நீக்கத் தேசியப் பண்பாட்டுக் குழு முடிவு செய்தது. காரணம், முகநூலில் அவர் எழுதியவை முடியாட்சிக்கு இழிவு சேர்ப்பவை என்பது.

அம்முடிவின் சட்டத் தகுதியை வழக்கறிஞர்கள் ஆராயட்டும். நாம் கேட்பது எளிய கேள்வி. 2011இல் அவரிடம் எதைக் கண்டு அந்தச் சிறப்பு அளிக்கப்பட்டது? நாற்பதாண்டு இதழியல் பணியையும் எழுத்தையும் கண்டு என்றால், அப்பணி 2021இல் எங்கே போயிற்று? தொகுத்த கதைகள் தொகுப்பிலிருந்து உதிர்ந்துவிட்டனவா? அவர் வழியாக எழுத வந்தவர்கள் எழுதாதவர்களாகிவிட்டார்களா? பணி அப்படியே இருக்கச் சிறப்பு மட்டும் நீங்க முடியுமானால், அச்சிறப்பு அப்பணிக்காக அளிக்கப்பட்டதன்று. நல்லொழுக்கத்துக்கு முன்பணமாக அளிக்கப்பட்டது. ஒழுக்கம் தவறியதாகக் கருதியதும் கடன் திரும்பக் கேட்கப்பட்டது. தாய்லாந்தின் பதக்கங்களை நாம் இரவல் ஆபரணங்கள் என்று அழைப்பது இதனாற்றான். இரவல் நகை அணிந்தவர் விழா முழுவதும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தத் தடவலே இந்த ஏற்பாட்டின் பயன். லட்சக்கணக்கான மார்புகளில் தொங்கும் பதக்கங்கள், அணிந்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு வாக்கியத்தின் முன்பும் ஒரு கணம் தயங்கக் கற்பிக்கின்றன. சட்டத்தின் 112ஆம் பிரிவு மூன்று முதல் பதினைந்து ஆண்டுச் சிறையால் செய்வதை, பதக்கம் புன்னகையோடு செய்துவிடுகிறது.

*

எதிர்வாதங்கள் இரண்டை நாம் எதிர்பார்க்கிறோம்.

முதலாவது: குற்றம் புரிந்தவரிடமிருந்து விருதைத் திரும்பப் பெறுவது எல்லா நாடுகளிலும் உள்ளதே. உண்மை. பொய்க் கணக்குக் காட்டி விருது பெற்றவரிடமிருந்து அதைப் பறிப்பது நீதி. விருது பெறக் காரணமாக இருந்ததே பொய் என்று தெரிந்துவிட்டது அல்லவா. ஆனால் சுச்சாத்தின் கதைத் தொகுப்புகள் பொய்யென்று எவரும் நிறுவவில்லை. தகுதி பொய்த்ததால் பறிப்பதும், கருத்துப் பிடிக்காததால் பறிப்பதும் ஒரே வினைச்சொல்லைப் பெறுவதாலேயே ஒரே செயல் ஆகிவிடா.

இரண்டாவது: அது அவர்கள் பண்பாடு, வெளியாருக்கு அதில் என்ன வேலை? இவ்வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் 'அவர்கள்' என்பது யார் என்று நாம் கேட்க விரும்புகிறோம். சீபுராபா என்ற புனைபெயரில் எழுதிய குலாப் சாய்பிரதித் தாய்லாந்தவர் இல்லையா? தச்சனின் மகன் ஒருவன் நீதிபதியாக உயர்வதை 1928இல் நாவலாக எழுதி, மனிதனின் உயர்வு பிறப்பில் இல்லை, நடத்தையில் இருக்கிறது என்று வாதிட்டவர் அவர். அவர் எழுதிய 'மனிதம்' என்ற கட்டுரைக்காக, புரட்சிக்குச் சில மாதங்கள் முன்பு, அதை வெளியிட்ட நாளிதழ் மூடப்பட்டது. 1952இல் சிறைப்பட்டு, பின்னர் சீனாவில் அடைக்கலம் புகுந்து, 1974இல் பெய்ஜிங்கில் இறந்தார். ஜித் பூமிசாக் தாய்லாந்தவர் இல்லையா? சக்தினா அமைப்பின் உண்மை முகத்தை 1957இல் சட்ட மாணவர் இதழில் புனைபெயரில் எழுதிய அவ்வறிஞர், 1958 முதல் ஆறாண்டுகள் சிறையிலிருந்து, 1966 மே 5 அன்று சகோன் நகோன் மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2020 அக்டோபர் இறுதியில் தம்மசாத் பட்டமளிப்பு விழாவைப் புறக்கணித்த இளைஞர்கள்? மன்னர் கையால் பட்டம் பெறும் வழக்கம் 1930இல் தொடங்கியது. அந்தக் கணத்தின் புகைப்படம் குடும்பங்களின் குலதனம் போன்றது. அப்புகைப்படத்தைத் தாமாக வேண்டாமென்றவர்கள் எந்தப் பண்பாட்டைச் சேர்ந்தவர்கள்? பதக்கம் ஒரு பண்பாடு என்றால், பதக்கத்தை ஐயுறுதலும் அதே மண்ணில் நூறாண்டு வேர்விட்ட பண்பாடே. அவர்கள் தமக்குள் நடத்தும் வாதத்தில் ஒரு தரப்பை மட்டும் 'பண்பாடு' என்று பெயரிட்டு வணங்குபவர், பணிவோடு ஒதுங்கி நிற்பதாக எண்ணிக்கொண்டு பக்கம் சேர்ந்துவிடுகிறார்.

மதிப்பளித்தலே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அந்தக் கிராமத்து ஆசிரியையின் ஏக்கத்துக்கு விடை வேண்டும், எழுதுபவனுக்கும் வேண்டும். அத்தகைய விடை ஒன்று தாய்லாந்திலேயே இருந்தது. 'சோ காரகேத்' இதழுக்குக் கதை அனுப்பிய இளம் எழுத்தாளர்கள் ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பார்கள். ஏற்கப்பட்ட கதையைச் சுச்சாத் 'பான் கெர்த்' என்று குறிப்பிடுவார். பிறப்பைக் கடந்து வந்தது, அதாவது பிறந்துவிட்டது என்று பொருள். அதற்கு நாடா இல்லை, வகுப்பு இல்லை, அணியச் சீருடை இல்லை. ஒருவர் கதையை மற்றொருவர் கவனமாக வாசித்தார் என்பது மட்டுமே அதன் உள்ளடக்கம்.

தேசியக் கலைஞர் என்ற சிறப்பைச் சுச்சாத்திடமிருந்து நீக்குவதென்று ஒரு குழு கூடி முடிவெடுக்க முடிந்தது. அவர் பிறந்ததாக அறிவித்த கதைகளைப் பிறக்காதவை என்று அறிவிக்க எந்தக் குழுவும் இதுவரை கூடவில்லை. அப்படி ஒரு குழு கூடினாலும், அவற்றை வாசித்தவர்களிடம் சென்று எதைத் திரும்பக் கேட்பது என்று அதற்குத் தெரியாது.